பி.டி. பீரியடைப் பிடுங்காதீர்கள்

கடலூரில் இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். காலாண்டுத் தேர்வு நெருங்கினாலே கிளினிக்கில் பள்ளிச் சீருடைகள் அதிகமாகிவிடும். கழுத்து வலி, நடுமுதுகு வலி, இடுப்புப் பிடிப்பு என்று நாற்பது வயதுக்காரர்கள் சொல்லும் தொந்தரவுகளைப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் சொல்கிறார்கள். போன வாரம் நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து வந்த பத்தாம் வகுப்பு மாணவியின் அம்மா கையில் எம்.ஆர்.ஐ. படம் வைத்திருந்தார். கடன் வாங்கிப் புதுச்சேரி வரை போய் எடுத்திருக்கிறார்கள். படத்தில் ஒரு கோளாறும் இல்லை. அந்தப் பெண்ணைத் தரையில் உட்காரவைத்து, கை ஊன்றாமல் எழுந்திரு என்றேன். முடியவில்லை. குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். பத்து எண்ணுவதற்குள் உடம்பு நடுங்கிவிட்டது.

"கடைசியா எப்பம்மா ஓடின?"

"எட்டாவதுல, மேடம்."

ஒன்பதாவதிலிருந்து அவள் வகுப்பின் பி.டி. பீரியட் கணக்குப் பாடத்துக்குப் போய்விட்டதாம். இதை ஒவ்வொரு பெற்றோரிடமும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பெரும்பாலான பெற்றோர் பழியைப் புத்தகப் பை மேல் போடுகிறார்கள். பை முக்கியம்தான், பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஆனால் பையை வேனில் வைத்துவிட்டுப் போகும் பிள்ளைக்கும் முதுகு வலிக்கிறதே. காலை ஒன்பதிலிருந்து மாலை நாலேகால் வரை பெஞ்ச், அப்புறம் எட்டு மணி வரை டியூஷன், வீட்டுக்கு வந்தால் கட்டிலில் சாய்ந்துகொண்டு போன். முதுகுத் தசைக்கு வேலையே இல்லை என்றால் அது எப்படித் தாங்கும்?

எனக்கு அதிகம் எரிச்சல் மூட்டுவது ஒரே ஒரு பேச்சுதான்: "விளையாடினா அலுத்துப்போய் படிக்க மாட்டாங்க மேடம், மார்க் போயிடும்." படித்தவர்கள் சொல்கிறார்கள், ஆசிரியர்களே சொல்கிறார்கள். ஸ்வீடனில் மால்மோ நகரப் பள்ளி ஒன்றில் 1999 முதல் இதைச் செய்தே பார்த்தார்கள். வாரம் 60 நிமிடமாக இருந்த உடற்கல்வியைத் தினமும் 40 நிமிடம் ஆக்கி, முதல் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை தொடர்ந்தார்கள். மார்க் குறையவில்லை. மேல்நிலைப் படிப்புக்குத் தகுதி பெற்ற ஆண் பிள்ளைகளின் விகிதம் கூடியது. எலும்பு வளர்ச்சியும் கூடுதலாக இருந்தது. நம் ஊரில் பிடுங்கப்படுவது வாரத்துக்கு இரண்டு பீரியட்தான். ஏற்கெனவே ஆறு பீரியட் உட்கார்ந்து களைத்த பிள்ளைக்கு ஏழாவது பீரியடிலும் கணக்கு நடத்தினால் எவ்வளவு மண்டையில் ஏறும்? ஓடி வியர்த்து, முகம் கழுவி, தண்ணீர் குடித்துவிட்டு உட்காரும் பிள்ளைக்குத்தான் கவனம் நிற்கும். பி.டி. வகுப்பைக் கடன் வாங்காதீர்கள் என்று உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது மேடையிலேயே கேட்டுக்கொண்டார். பள்ளிகள் இன்னும் திருப்பித் தரவில்லை.

"சைக்கிளில்தான் டியூஷனுக்குப் போறான்" என்பார்கள். நல்லது, போகட்டும். ஆனால் 5 முதல் 17 வயதுள்ளவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு தினமும் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்குகிற அளவுக்கு. அதில் வாரம் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் பலம் தரும் ஆட்டம் வேண்டும். கபடி, கோகோ, வாலிபால், கயிறு தாண்டுதல் எல்லாம் அதற்குப் பொருந்தும்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். வயதுக்கு வந்ததும் விளையாட்டை நிறுத்தாதீர்கள். வாழ்நாள் முழுக்க நிற்க வேண்டிய எலும்பில் சுமார் 90 சதவீதம் 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. ஐம்பது வயதில் கால்சியம் மாத்திரை விழுங்கி அதை ஈடுகட்ட முடியாது. மாதவிடாய் நாட்களிலும் முடிந்தால் ஆடலாம். வலி தாங்க முடியாத அளவு என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்காக வருடம் முழுக்க வகுப்பில் உட்காரவைப்பது என்ன நியாயம்?

பள்ளிகளுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. பந்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டால் உடற்கல்வி ஆகிவிடாது. உடம்பைச் சூடேற்றாமல் ஓடவிடாதீர்கள். ஏப்ரல் வெயிலில் மதிய பீரியட் வேண்டாம், காலைக்கு மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் குளமாகிவிடும், தெரியும். வராந்தாவில் கயிறு தாண்டலாம், தோப்புக்கரணம் போடலாம், யோகா செய்யலாம். வளரும் வயதில் முழங்கால் சில்லுக்குக் கீழே வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் குதிப்பதைக் கொஞ்ச நாள் குறைத்தால் போதும், மொத்தமாக ஓரங்கட்ட வேண்டாம்.

இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் முதுகு வலி, காய்ச்சலோடு வரும் வலி, கால் மரத்துப்போவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது, இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள். உடற்பயிற்சியால் சரிசெய்யலாம் என்று காத்திருக்காதீர்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க் ஷீட்டோடு டைம்டேபிளையும் கேட்டுப் பாருங்கள். போன மாதம் பி.டி. பீரியடில் யார் வகுப்பெடுத்தார் என்று பிள்ளையிடமே கேளுங்கள். வீசிங் இருக்கிறது, பி.டி.க்கு விலக்குக் கடிதம் கொடுங்கள் என்று என்னிடம் வருபவர்கள் முதலில் பிள்ளையின் மருத்துவரிடம் போய், ஆடுவதற்கு முன் இன்ஹேலர் எடுக்க வேண்டுமா என்று கேட்டு வாருங்கள். கட்டுக்குள் இருக்கும் ஆஸ்துமாவுக்கு விலக்குக் கடிதம் தர மாட்டேன். எந்த ஆட்டம், எவ்வளவு நேரம், எப்போது ஓய்வு என்று பி.டி. சாருக்கு எழுதித் தருகிறேன்.