வெண்ணெய் உருண்டையை யாரும் உருட்டி வரவில்லை

மாமல்லபுரம் போகிறவர்கள் சரிவில் நிற்கும் ‘கிருஷ்ணரின் வெண்ணெய் உருண்டை’ என்ற பாறைக்குக் கையால் முட்டுக்கொடுப்பது போல ஒரு படம் எடுக்காமல் திரும்புவதில்லை. உயரம் ஏறத்தாழ 6 மீட்டர், எடை 250 டன் என்கிறார்கள். 1908-இல் சென்னை ஆளுநராக இருந்த ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுக்க வைத்தும் அது அசையவில்லை என்ற கதையும் கூடவே வரும். யானைக் கதை இருக்கட்டும். இவ்வளவு பெரிய கல் அங்கே எப்படி வந்தது? வரவேயில்லை. இருந்த இடத்திலேயே இருக்கிறது. சுற்றியிருந்த பாறைதான் போய்விட்டது.

சென்னையைச் சுற்றியுள்ள கருங்கற்பாறைகளின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. பல கிலோமீட்டர் ஆழத்தில், மேலிருந்த பாரத்தில் அமுங்கிக்கிடந்தவை. மேலே இருந்த அடுக்குகள் அரித்துப் போகப் போக பாரம் குறையும். பாறை லேசாக விரியும், வெடிப்பு விடும். நெடுக்கும் குறுக்குமாக வெடிப்பு ஓடினால் ஒரே பாறை பெட்டி பெட்டியாகப் பிரிந்து நிற்கும். அந்தச் சந்துகளில் தண்ணீர் இறங்கும்.

வெறும் தண்ணீர் இல்லை. மழைநீரில் கரியமிலவாயு கொஞ்சம் கரைந்திருக்கும். மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சால் அது இன்னும் கூடும். இந்த மெல்லிய அமிலத்துக்குக் கருங்கல்லில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் தாக்குப்பிடிக்காது, மெதுவாகக் களிமண்ணாக மாறிவிடும். இரும்புச் சத்துள்ள கருப்புக் கனிமங்கள் துருப்பிடிக்கும். குவார்ட்ஸ் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கும், ஆனால் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லாமல் உதிர்ந்துவிடும். கிணறு வெட்டும்போது பாறைக்கு மேலே ஒரு மொரம்பு அடுக்கு வருமே, கையில் எடுத்து நசுக்கினால் பொலபொலவென்று உதிருமே, அது இப்படிச் செத்த பாறைதான்.

சரி, சதுரப் பெட்டி எப்படி உருண்டையானது? பெட்டியின் பக்கவாட்டை ஒரு திசையிலிருந்துதான் தண்ணீர் தாக்கும். விளிம்பை இரண்டு திசையிலிருந்து, மூலையை மூன்று திசையிலிருந்து. வாயில் போட்ட கற்கண்டைப் போல முனைதான் முதலில் மழுங்கும். இத்தனையும் மண்ணுக்கு அடியில் நடந்த வேலை. அப்புறம் மழை வந்து மொரம்பை வாரிக்கொண்டு போக, நடுவில் சாகாமல் தப்பிய கல் மட்டும் வெளியே நிற்கிறது.

வெளியே வந்த பிறகு அதன் ஆயுள் கூடிவிடுகிறது என்பதுதான் வேடிக்கை. மொட்டைப் பாறையில் விழும் மழை உடனே வழிந்து காய்ந்துவிடும். ஈர மண்ணுக்குள் புதைந்து நாள் முழுக்க நனைந்து கிடக்கும் பாறைதான் வேகமாகக் கெடும். வெயில் படும் கருங்கல் பத்து லட்சம் ஆண்டில் சில மீட்டர் தேய்ந்தாலே அதிகம். பாடப்புத்தகத்தில் முதலில் வரும் உறைபனி, பாறையைப் பிளக்கும் பெரிய ஆள்தான். ஆனால் செங்கல்பட்டு மாவட்டத்தில் அதற்கு வேலை இல்லை.

இங்கே அந்த வேலையைச் செய்வது உப்பு. அர்ச்சுனன் தபசில் யானையின் கால்நகம்கூட இன்னும் தெளிவாகத் தெரிகிறது. கொஞ்ச தூரம் நடந்து கடற்கரைக் கோயிலுக்குப் போனால், பல சிற்பங்களில் முகம் எது, கை எது என்று தேட வேண்டியிருக்கிறது. இரண்டுமே ஏழு, எட்டாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த பல்லவர் வேலை. கடற்காற்றோடு வரும் உப்புநீர் கல்லின் நுண்துளைகளில் ஏறி, வெயிலில் காயும்போது படிகமாக வளர்ந்து கல்லின் துகளை உள்ளிருந்து நெட்டித் தள்ளுகிறது. ஒரு துகள், அடுத்து இன்னொன்று. காற்றில் பறந்து வரும் மணல் மீதியைத் தேய்த்துவிடும்.

உதிர்ந்ததெல்லாம் எங்கே போகிறது? களிமண் அவ்வளவு மெல்லியது, தண்ணீரில் மிதந்தபடியே ஆழ்கடல் வரை போய்விடும். மணல் கனமானது, கரையோரம் தங்கிவிடும். நம் கடற்கரைகளில் ஒரு பிடி மணலை அள்ளி வெயிலில் பாருங்கள். கண்ணாடி போல இருப்பது குவார்ட்ஸ். அலை சலித்து ஒதுக்கிய கருப்பும் சிவப்புமான கோடுகளில் இருப்பவை இல்மனைட், கார்னெட் என்ற கனிமங்கள்.

தங்கினாலும் மணல் சும்மா இருப்பதில்லை. சென்னைக் கரையோரத்தில் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2004 ஆழிப்பேரலை மாமல்லபுரத்தில் மணலை வாரிப்போனபோது அதுவரை மூடிக்கிடந்த சிற்பப் பாறைகள் வெளியே தெரிந்தன. அது ஒரு காலையில் நடந்தது. அதைவிடப் பெரிய மாற்றத்தை நிதானமாகச் செய்தது, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கடலுக்குள் நீட்டிக் கட்டிய சென்னைத் துறைமுகச் சுவர். வடக்கே போகிற மணல் அதில் முட்டி நின்றதால் தெற்கே மெரினா அகன்றுகொண்டே போனது. வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் அலை எடுத்துக்கொண்டு போகும் மணலுக்கு ஈடாகப் புது மணல் வரவில்லை; கரை உள்வாங்கியது. இப்போது அங்கே லாரி லாரியாகக் கருங்கல்லைக் கொட்டித்தான் கரையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு இடத்தில் கல்லைக் கொட்டினால் அரிப்பு இன்னும் வடக்கே, எண்ணூர்ப் பக்கம் தள்ளிப் போகிறது.