சத்து மாத்திரை கேட்பதற்கு முன் சுகர் பாருங்கள்

"டாக்டர், எதிர்ப்பு சக்திக்கு ஏதாவது எழுதிக் குடுங்க."

கொரோனாவுக்கு முன்பெல்லாம் இப்படி யாரும் கேட்டதாகவே நினைவில்லை. இப்போது காய்ச்சல், சளி என்று வருகிறவர்கள் எழுந்து போகும்போது சேர்த்துக் கேட்டுவிடுகிறார்கள். சிலர் ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டே வருகிறார்கள். வைட்டமின் சி, ஜிங்க், புரோட்டீன் பவுடர், ஏதோ ஒரு மூலிகைச் சாறு எல்லாம் அதில் இருக்கும். ரத்தப் பரிசோதனைச் சீட்டு மட்டும் இருக்காது.

நான் திருப்பிக் கேட்பது, "கடைசியா எப்ப சுகர் பாத்தீங்க?"

ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்குகிற, வேறு நோய் இல்லாத ஒருவருக்குத் தேவையான எதிர்ப்பு சக்தி உடம்பிலேயே இருக்கிறது. அதை மாத்திரை போட்டு இன்னும் ஏற்றிக்கொள்ள வழி கிடையாது. அடிக்கடி நோய் வருகிறது, வந்தால் போகமாட்டேன் என்கிறது என்றால், எதுவோ ஒன்று அதைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது எது என்று தேடுவதுதான் எங்கள் வேலை. காவிரிப் படுகையில் பொதுநல மருத்துவம் பார்க்கிற எனக்குத் தெரிந்தவரை, அந்தத் தேடல் பெரும்பாலும் நாலைந்து இடங்களுக்குள் முடிந்துவிடும்.

முதல் இடம் சுகர். ராஜபிளவை என்று நம் ஊரில் சொல்லும் கட்டியை இன்றைய இளைஞர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். எங்களுக்கு அது புதிதில்லை. முதுகிலோ பிடரியிலோ உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து தடித்து, சல்லடை மாதிரி பல வாய் திறந்து சீழ் வடியும். அப்படி ஒருவர் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், ரைஸ் மில் வைத்திருப்பவர். பத்து நாளாக மஞ்சளும் சோற்றுக்கற்றாழையும் பூசியிருக்கிறார். சுகர் இருக்கிறதா என்று கேட்டதும் கோபமே வந்துவிட்டது. "எங்க வம்சத்துலயே அது கிடையாது சார்." விரலில் குத்திப் பார்த்தால் 386. சட்டையைக் கழற்றச் சொல்லித் தோளைப் பார்த்தேன். ஆறிப்போன பழைய கட்டிகளின் தழும்புகள் மூன்று. உடம்பு முன்னாலேயே சொல்லிப் பார்த்திருக்கிறது.

சுகர் ஏறினால் ஏன் கட்டி வருகிறது? கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடி வருவது ரத்தத்தில் உள்ள ஒரு வகை வெள்ளணுக்கள். ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் அவை தாமதமாக வருகின்றன, வந்தாலும் கிருமியை விழுங்கும் வேகமும் கொல்லும் திறனும் குறைந்துவிடுகின்றன. நாள்பட்ட சுகரில் நுண்ணிய ரத்தக் குழாய்களும் கெட்டுப்போவதால், அந்த அணுக்களும் நாம் கொடுக்கும் மருந்தும் புண்ணுக்குப் போய்ச் சேர்வதே பாடாகிவிடுகிறது. காலில் உணர்ச்சியும் குறைந்திருந்தால் முள் குத்தியதுகூடத் தெரியாது. சிறுநீரில் சர்க்கரை போவதால் அந்தரங்க இடங்களில் பூஞ்சைத் தொற்றும் அரிப்பும் வரும். பெண்கள் இதை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு, மருந்துக்கடையில் ஒரு களிம்பை வாங்கிப் பூசிக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

நல்ல செய்தி, இதில் பெரும்பகுதி திரும்பிவிடும். சர்க்கரை கட்டுக்குள் வரவர வெள்ளணுக்களும் தேறிவிடும். மில்காரருக்குக் கட்டியைக் கீறிச் சீழை எடுத்து இன்சுலின் ஆரம்பித்தோம், புண் ஆறியது. சத்து மாத்திரை ஒன்றுகூட எழுதவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் மனக்குறைதான்.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. சர்க்கரை நோய் இருப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். தமிழ்நாட்டில் காசநோயாளிகளைப் பரிசோதித்து 2012-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், நாலில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அதனால் சுகர்காரருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், இருமல் சிரப்பை மாற்றி மாற்றிக் குடிக்காமல் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்துவிட வேண்டும். எக்ஸ்ரேயிலும் ஒரு சிக்கல் உண்டு. வழக்கமாக நுரையீரலின் மேல்பகுதியில் தெரியும் காசநோய், இவர்களுக்குச் சில சமயம் கீழ்ப்பகுதியில் தெரிந்து சாதாரண நிமோனியா போல ஏமாற்றும்.

வயல் பக்கத்து மருத்துவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய இன்னொரு நோய் மீலியாய்டோசிஸ். இந்தக் கிருமி சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. மழைக்காலத்தில் காலில் உள்ள வெடிப்பு வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே போகும். நிமோனியாவாக வரலாம், கல்லீரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டியாக வரலாம், காசநோய் போலவே மாதக்கணக்கில் இழுக்கவும் செய்யலாம். இதே சேற்றில் நடவு செய்யும் ஆரோக்கியமானவர்களை அது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. விழுகிறவர்களில் பாதிப் பேருக்காவது சுகர் இருக்கும். மீதிப் பேரில் பலருக்குக் குடிப்பழக்கமோ சிறுநீரகக் கோளாறோ இருக்கும். 1912-ல் ரங்கூனில் விட்மோர் என்ற ஆங்கிலேய மருத்துவரும் கிருஷ்ணசாமி என்ற நம்மவரும் சேர்ந்து இந்த நோயை முதன்முதலில் விவரித்தார்கள். அவர்கள் பார்த்தவர்களில் பெரும்பாலோர் மார்ஃபின் ஊசிப் பழக்கத்தில் நலிந்து தெருவோரம் கிடந்த ஏழைகள். கிருமி யாரைத் தேர்ந்தெடுக்கிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. இதற்கு இரண்டு வாரமாவது ஊசி, பிறகு குறைந்தது மூன்று மாதம் மாத்திரை. காய்ச்சல் விட்டதும் நிறுத்தினால் திரும்ப வரும்.

சுகருக்கு அடுத்து நான் தேடுவது ஸ்டீராய்டு, அதாவது வீக்கத்தோடு எதிர்ப்பு சக்தியையும் சேர்த்து அடக்கிவிடும் மருந்து. இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் ஆத்திரமே உண்டு.

முட்டிவலிக்காரப் பாட்டிகள் மருந்துக்கடையில் போய், "தம்பி, ஒரு செட் மாத்திரை குடு" என்று கேட்பார்கள். ஒரு சின்னக் கவரில் வலி மாத்திரை, வாயு மாத்திரை, கூடவே ஒரு குட்டி வெள்ளை மாத்திரையும் வரும். அந்தக் குட்டி மாத்திரை பல சமயம் பிரட்னிசோலோன், இல்லையென்றால் டெக்ஸாமெத்தசோன். இரண்டுமே ஸ்டீராய்டுதான். முதல் நாளே வலி பறந்துவிடும், பசி எடுக்கும், உடம்பில் ஒரு தெம்பு வரும். ஆறு மாதம் போனால் கன்னம் உப்பிவிடும். "அம்மா நல்லா தேறிட்டாங்க" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். கை காலைப் பாருங்கள்: தோல் மெலிந்து, லேசாக இடித்தாலே கருநீலத் திட்டு விழுந்திருக்கும். சுகரும் ஏறியிருக்கும். எதிர்ப்பு சக்தி அடங்கிப்போனதால் உள்ளே தூங்கிக்கிடந்த காசநோய் எழுந்துகொள்ளும். நாளைக்கு 20 மி.கி. பிரட்னிசோலோனை இரண்டு வாரம் தொடர்ந்து எடுத்தாலே ஒருவரை எதிர்ப்பு சக்தி குறைந்தவர் கணக்கில்தான் நாங்கள் வைப்போம். 2021-ல் கருப்புப் பூஞ்சை இங்கே அவ்வளவு பேரைத் தாக்கியதற்குக் கட்டுப்படாத சுகரும், அதன் மேல் அளவு தெரியாமல் கொடுத்த ஸ்டீராய்டும் முக்கியக் காரணங்கள்.

ஆஸ்துமா, முடக்குவாதம், சிறுநீரக நோய் என்று பலருக்கு ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்து என்பதும் உண்மை. டாக்டர் பார்த்து, அளவு சொல்லி, எப்போது குறைப்பது என்று திட்டம் போட்டுக் கொடுத்தால் பயப்படத் தேவையில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். பல வாரம் தொடர்ந்து எடுத்தவர் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும், ஏனென்றால் உடம்பு சொந்தமாக ஸ்டீராய்டு சுரப்பதையே மறந்திருக்கும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மருத்துவரிடம் வரும்போது அந்தக் காலிக் கவரையும் கொண்டுவாருங்கள்.

படர்தாமரைக்குப் பூசும் களிம்புகளிலும் இதே கதைதான். ஸ்டீராய்டு கலந்த களிம்பு இரண்டு நாளில் அரிப்பை அடக்கிவிடும், அது அடக்கியது தோலின் எதிர்ப்பைத்தான். பூஞ்சை அடியில் நிம்மதியாகப் பரவும். இடுப்பில் ஒரு ரூபாய் அளவில் ஆரம்பித்தது தொடை, வயிறு என்று படர்ந்து, வீட்டில் நாலு பேருக்கும் தொற்றிய பிறகு வருகிறார்கள்.

அடுத்து அக்கி. சின்ன வயதில் நீர்க்கோளவான் (சின்னம்மை) வந்தவர்களின் நரம்பில் ஒளிந்திருக்கும் வைரஸ், எதிர்ப்பு சக்தி தளரும்போது ஒரு பக்கமாகக் கொப்புளமாய் வெளிவருவதுதான் இது. இன்னும் பல ஊர்களில் காவிமண்ணைக் குழைத்து அக்கி எழுதிக்கொள்கிறார்கள். எழுதிக்கொள்வதோடு சண்டை எனக்கில்லை. வைரஸ் மருந்தைக் கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன் என்பதால், அந்த மூன்று நாள் வீணாகிறதே என்பதுதான் கவலை. அறுபது எழுபது வயதில் அக்கி வருவது சகஜம். முப்பது வயதில் வந்தால், ஏன் வந்தது என்று கேட்டாக வேண்டும். நான் சுகரோடு எச்.ஐ.வி. பரிசோதனையும் எழுதுவேன். சிலர் முகம் மாறிவிடும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசமாக, ரகசியமாகப் பார்க்கிறார்கள். எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தாலும் அதற்கான கூட்டு மருந்து இலவசம், ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் மற்றவர்களைப் போலவே நெடுநாள் வாழ்கிறார்கள்.

சரி, நோய்களை விடுவோம், பழக்கங்களுக்கு வருவோம்.

சாப்பாடு என்றதும் எல்லாரும் அதிகம் சாப்பிடுவதைப் பற்றியே பேசுகிறார்கள். எதிர்ப்பு சக்தி விஷயத்தில் குறைவாகச் சாப்பிடுவது அதைவிடப் பெரிய பிரச்சினை. காலையில் டீயும் பன்னும், மத்தியானம் நிறையச் சோறும் ரசமும், இரவு மிச்சம் இருப்பது: இதுதான் பல வீடுகளில், முக்கியமாகப் பெண்களின் சாப்பாடு. வயிறு நிறைகிறது, புரதம் சேர்வதில்லை. எதிர்ப்பணுக்களும் எதிர்ப்புப் புரதங்களும் எதிலிருந்து உருவாகும்? ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பங்களை வைத்து நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு மாதம் ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, கூடவே வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தமிழ்நாட்டில் 2022 முதல், காசநோய் கண்டறிந்த உடனே எடை, உயரம், ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்பதைப் பார்த்து, மிகவும் மெலிந்தவர்களை மருத்துவமனையில் சேர்க்கும் திட்டம் நடக்கிறது. மெலிவுதான் முதலில் கொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு செய்தது அது.

"உடம்பு வீக்கா இருக்கு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுங்க" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. அரை லிட்டர் பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை, மீதி தண்ணீர். மூன்று இட்லியில் அதைவிட அதிகம் கிடைக்கும், கூடவே உளுந்தும். ஒரு முட்டை, ஒரு கைப்பிடிச் சுண்டல், கொஞ்சம் நிலக்கடலை, கிடைத்தால் மத்தி மீன் போதும். புரோட்டீன் டப்பா விலையில் ஒரு மாதத்துக்கு முட்டை வாங்கலாம்.

புகை, குடி பற்றி நான் சொல்லி யாருக்கும் புதிதாகத் தெரியப் போவதில்லை. ஒன்றே ஒன்று. மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய மயிர்கள் இடைவிடாமல் ஆடிச் சளியையும் கிருமியையும் மேலே தள்ளிக்கொண்டிருக்கின்றன. பீடிப் புகை அவற்றை முடக்கிவிடும். இரவில் அளவுக்கு மீறிக் குடித்துவிட்டுத் தூங்கினால் வாயில் உள்ளது நுரையீரலுக்குள் இறங்கும், அங்கே காவல் நிற்கும் அணுக்களும் மந்தமாக இருக்கும். தினமும் குடிப்பவரின் நிமோனியா கடுமையாக வருவதற்கு இவை இரண்டும் காரணம்.

தூக்கம் பற்றி அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் ஒரு துணிச்சலான ஆய்வு செய்தார்கள். ஆரோக்கியமானவர்கள் எவ்வளவு தூங்குகிறார்கள் என்று குறித்துவைத்துக்கொண்டு, அவர்கள் சம்மதத்தோடு மூக்கில் சளி வைரஸை விட்டார்கள். ஏழு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, எட்டு மணி நேரம் தூங்கியவர்களைவிடச் சளி பிடிக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு இருந்தது. 2009-ல் வெளியானது. நைட் ஷிப்ட் பார்ப்பவர்களிடம் எட்டு மணி நேரம் தூங்குங்கள் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும். பகலில் போனை அணைத்துவிட்டு, இருட்டறையில் ஒரே மூச்சாகத் தூங்குங்கள் என்பதோடு விட்டுவிடுவேன்.

மூலிகை பற்றியும் கேட்பீர்கள். வீட்டு ரசத்துக்கும் எப்போதாவது குடிக்கும் கஷாயத்துக்கும் தடையில்லை. ஆனால் எதிர்ப்பு சக்திக்காகச் சீந்தில் கொடியைத் தொடர்ந்து குடித்துக் கல்லீரல் பாதித்து வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதியிருக்கிறார்கள். மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று மாதக்கணக்கில் எதையும் குடிக்காதீர்கள்.

கடைசியாகத் தடுப்பூசி. குழந்தைகளோடு அது முடிந்துவிடவில்லை. சுகர், நாள்பட்ட நுரையீரல், இதய, சிறுநீரக, கல்லீரல் நோய் உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை எடுப்பவர்கள், 65 வயதைக் கடந்தவர்கள் நிமோனியா, ஃபுளூ தடுப்பூசிகள் பற்றித் தங்கள் டாக்டரிடம் கேளுங்கள். டயாலிசிஸ் செய்பவருக்கு மஞ்சள் காமாலை பி தடுப்பூசி சாதாரண அளவில் சரியாகப் பிடிக்காது, இரட்டை அளவு போட வேண்டும். விபத்திலோ ரத்த நோயாலோ மண்ணீரலை எடுத்துவிட்டவர்களுக்குத் தடுப்பூசி அட்டவணையே தனி. அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. சில மணி நேரத்தில் கிருமி ரத்தம் முழுக்கப் பரவிவிடும். நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போய், வாசலிலேயே "எனக்கு மண்ணீரல் இல்லை" என்று சொல்லிவிடுங்கள்.