79-ஆம் எண் கதவு

குன்னூரில் எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு டாக்டரின் கிளினிக் இருக்கிறது. வாசலில் ஒரு மரப்பலகை, அதில் பெயருக்கு எதிரே தள்ளுகிற கட்டை. ஒரு பக்கம் தள்ளினால் ‘உள்ளே’, மறுபக்கம் தள்ளினால் ‘வெளியே’. சில நாள் அதன் கீழே சாக்பீஸில் ஒரு வரி இருக்கும்: ‘கோவை போயிருக்கிறேன், வியாழன் வருவேன்.’ மழையில் மேடேறி வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, மணியடிக்காமலே திரும்பிப் போவார்கள்.

இந்தப் பலகையைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் அதற்குப் பெயர் ஃபிங்கர்.

1971இல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் லெஸ் எர்னஸ்ட் இதை எழுதினார். ஒரே பெரிய கம்ப்யூட்டரைப் பலர் டெர்மினல் என்ற திரை, கீபோர்டு வழியாகப் பங்கிட்டுக்கொண்ட காலம் அது. யார் யார் லாகின் செய்திருக்கிறார்கள் என்று பார்க்க ‘ஹூ’ என்ற கட்டளை ஏற்கெனவே இருந்தது. ஆட்கள் அந்தப் பட்டியலில் விரலை வைத்து வரிவரியாக இறக்கித் தேடுவதைப் பார்த்துத்தான் ‘விரல்’ என்று பெயர் வைத்தாராம். வாக்காளர் பட்டியலில் நாம் தேடுகிற மாதிரி. 1977இல் இதை நெட்வொர்க் வழியாகவும் கேட்கும் முறையை எழுதி வைத்தார்கள். வேறு ஊர் கம்ப்யூட்டரிலிருந்தும் ‘இன்னார் இருக்கிறாரா?’ என்று விசாரிக்க முடிந்தது.

போன ஜூலையில் மழை விடாமல் பெய்த ஒரு வாரம், வீட்டில் சும்மா கிடந்த பழைய லினக்ஸ் மெஷினில் இந்தச் சேவையை ஓட்டிப் பார்த்தேன். ஆசையைத் தவிர வேறு காரணம் கிடையாது.

ஒரு கம்ப்யூட்டருக்கு 65,535 போர்ட் எண்கள் உண்டு, எண் போட்ட கதவுகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஃபிங்கருக்கு 79. ஆனால் அந்தக் கதவின் பின்னால் ஃபிங்கர் நிரல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. ஐநெட்டி என்ற வாட்ச்மேன் பல கதவுகளை ஒரே ஆளாகக் கவனிக்கிறது. 79-இல் யாராவது தட்டினால்தான் ஃபிங்கர்டி என்ற சிறு நிரலை எழுப்பி, இணைப்பை அதன் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்ளும். இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. நெட்வொர்க்கிலிருந்து வருவதெல்லாம் ஃபிங்கர்டிக்குக் கீபோர்டில் அடித்தது மாதிரியே தெரியும், அது திரையில் எழுதுவதாக நினைப்பது நெட்வொர்க்கில் போய்விடும். அதனால் அதற்கு நெட்வொர்க் பற்றி ஒன்றுமே தெரிந்திருக்க வேண்டாம். ஒரு வரியைப் படிக்கும், உள்ளூர் ஃபிங்கர் கட்டளையிடம் கொடுக்கும், பதிலைத் திருப்பி அனுப்பும். அவ்வளவுதான்.

லேப்டாப்பிலிருந்து டெல்நெட் என்ற இணைப்பு நிரலில் அந்த மெஷினின் முகவரியையும் 79 என்ற எண்ணையும் கொடுத்தேன். இணைந்ததும் ஒன்றும் வரவில்லை. வணக்கம் இல்லை, பாஸ்வேர்டும் கேட்கவில்லை. என் லாகின் பெயரை அடித்து என்டர் தட்டினேன். ஏழெட்டு வரி வந்து விழுந்தது, கதவு சாத்திக்கொண்டது.

முழுப் பெயர், போன் நம்பர், எப்போது லாகின் செய்தேன், கீபோர்டைத் தொட்டு எவ்வளவு நேரமாகிறது, படிக்காத மெயில் இருக்கிறதா, கடைசியில் ‘பிளான்’, அதாவது பார்ப்பவர்களுக்காக நானே எழுதி வைத்த குறிப்பு. இத்தனையும் எங்கிருந்து வந்தது? ஃபிங்கருக்கு என்று தனிப் பதிவேடு கிடையாது. பெயரும் போன் நம்பரும் பாஸ்வேர்டு கோப்பின் ஒரு கட்டத்தில் இருக்கின்றன. டெர்மினலை ஒரு கோப்பாகவே யூனிக்ஸும் அதன் வழி வந்த லினக்ஸும் நடத்துவதால், அதைக் கடைசியாக எப்போது தொட்டார்கள் என்ற நேரம் தானாகப் பதிவாகிறது, இப்போதைய மணியிலிருந்து அதைக் கழித்தால் சும்மா இருந்த நேரம். மெயில் விஷயம் இன்னும் எளிது. பெட்டியில் கடைசியாக எழுதிய நேரம், கடைசியாகப் படித்த நேரத்துக்குப் பிந்தியதாக இருந்தால் படிக்காத கடிதம் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு கடிதத்தைக்கூடப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஊரில் அங்கங்கே கிடக்கிற சங்கதிகளைப் பொறுக்கி ஒரே மூச்சில் சொல்லிவிடுகிற ஆள் இருப்பார் அல்லவா, அவரேதான்.

கோவையில் இருக்கும் தம்பிக்கு விபிஎன் என்ற தனி இணைப்பு மூலம் வழி விட்டிருந்தேன். மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் காய்கறி வாங்கப் போய், மழையில் மாட்டிக்கொண்டு திரும்பினேன். போன் வந்தது. “மெஷினைத் திறந்து வெச்சுட்டு ரெண்டு மணி நேரமா எங்கண்ணா போயிட்டீங்க?” சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. வீட்டில் ஆளில்லை என்பதை, எத்தனை நிமிடமாக இல்லை என்பது வரை, அந்தக் கதவு கேட்டவருக்கெல்லாம் சொல்லும். கேட்டது தம்பி என்பதால் தப்பித்தேன்.

இந்த வெகுளித்தனத்தில் வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கோக் மெஷினையே ஃபிங்கரோடு இணைத்து, பாட்டில் இருக்கிறதா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே விசாரித்தார்கள். 1991இல் வந்த ஃபிங்கர் விதிமுறையில், இப்படிப்பட்ட மெஷின்கள் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு பகுதியே இருக்கிறது.

ஆனால் பெரிய அடி, ஃபிங்கர் சொன்ன பதிலால் விழவில்லை. அதனிடம் கேட்ட கேள்வியால் விழுந்தது. 1988 நவம்பர் 2-ஆம் தேதி ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் அவிழ்த்துவிட்ட, கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தானே பரவும் புழு நிரல், நுழைவதற்குத் தேர்ந்தெடுத்த வழிகளில் ஒன்று இந்த 79-ஆம் கதவு. வருகிற வரியை வைக்க ஃபிங்கர்டி 512 பைட் இடம்தான் ஒதுக்கியிருந்தது. ஆனால் வரியைப் படிக்கப் பயன்படுத்திய ‘கெட்ஸ்’ என்ற சி மொழிச் செயற்கூறுக்கு அளவு பார்க்கத் தெரியாது, வந்ததையெல்லாம் எழுதிக்கொண்டே போகும். புழு அனுப்பியது 536 பைட்.

கிளினிக் நோட்டில் பெயருக்கு ஒரு கட்டம், அதை ஒட்டி ‘அடுத்துப் போக வேண்டிய அறை’ என்று ஒரு கட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் பெயரை வேண்டுமென்றே நீட்டி எழுதி, அடுத்த கட்டத்தில் ‘மருந்து அலமாரி’ என்று வந்து விழும்படி செய்கிறார். நர்ஸம்மா நோட்டைப் பார்த்து அங்கேயே அனுப்பிவிடுகிறார். நடந்தது இதுதான். வேலை முடிந்ததும் நிரல் திரும்ப வேண்டிய முகவரி அழிந்து, புழு எழுதிய முகவரி அங்கே உட்கார்ந்தது. ஃபிங்கர்டி செத்து, அதன் இடத்தில் கட்டளை வாங்கும் ஷெல் எழுந்தது. நெட்வொர்க்கைக் கீபோர்டாகக் காட்டிய அந்தத் தந்திரம் அப்படியே இருந்ததால், இப்போது அந்தக் கீபோர்டில் அடிப்பது புழு. அந்தக் காலத்து வாக்ஸ் என்ற வகைக் கம்ப்யூட்டர்களில் மட்டும்தான் இந்த வழி பலித்தது. உள்ளே போனதும், அதே பாஸ்வேர்டு கோப்பில் இருந்த முழுப் பெயர்களை எடுத்துப் பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்த்தது. பலருக்குத் தன் பெயரே பாஸ்வேர்டாக இருந்தது!

சுமார் 6,000 கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டார்கள். கெட்ஸ் 2011-ஆம் ஆண்டின் சி தரத்திலிருந்தே நீக்கப்பட்டது. ஃபிங்கர் சேவையையும் ஊரெல்லாம் ஒவ்வொன்றாக அணைத்தார்கள். கேட்கிற பக்கத்து நிரல் மட்டும் விண்டோஸில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நான் அணைக்கவில்லை. பெயர் குறிப்பிடாமல் ‘யாரெல்லாம் இருக்கிறீர்கள்’ என்று கேட்டால் பதில் கிடைக்காதபடி மைனஸ் யு என்ற விருப்பத்தைச் சேர்த்தேன். ஃபிங்கர்டி ‘நோபடி’ என்ற அதிகாரமில்லாத பயனராக ஓடுகிறதா என்று சரிபார்த்தேன். ஃபயர்வாலில் தம்பியின் முகவரிக்கு மட்டும் அனுமதி. போன் நம்பரை எடுத்துவிட்டேன். பிளானில் ஒரு வரி எழுதினேன்: ‘மழை. கரண்ட் இல்லை என்றால் மெழுகுவத்தியோடு இருப்பேன்.’

தம்பி படித்துவிட்டுக் கேட்டான்: “கரண்ட் இல்லைன்னா இதை எனக்கு யாருண்ணா சொல்றது?”