“ஏன்” என்று கேட்டது போதும்

பள்ளிக்கூடம் போக மறுக்கிறான் என்று இந்த மாதம் உளவளத்துணை செய்யும் என்னிடம் கூட்டிவரப்பட்ட நாலாவது பிள்ளை அவன். கதிரையில் இருந்ததும் இராததுமாக அம்மா தொடங்கிவிட்டார். “ஏன் போறேல்லை எண்டு மிஸ்ஸிட்டைச் சொல்லு. வாயைத் திறந்து சொல்லு.” வீட்டில் அப்பா கேட்டாராம், பெரியப்பா கேட்டாராம், வகுப்பாசிரியரும் கேட்டாராம். எல்லாரிடமும் ஒரே கேள்வி. பதினைந்து வயதுப் பெடியன் நிலத்தைப் பார்த்தபடி நகம் கடித்துக்கொண்டிருந்தான்.

“ஏன்” என்பது காதில் விழும்போது கேள்வியாக விழுவதில்லை, குற்றச்சாட்டாக விழுகிறது. விசாரணை என்ற சொல்லின் கனம் வன்னியில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பிறகும் ஏன் பிள்ளைகளை இப்படி விசாரிக்கிறோம்?

அம்மாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு அவனிடம் கேட்டேன்: “போன மாதம் பள்ளிக்கூடம் போன நாள் ஏதும் இருக்கா?”

“அவன் எங்க மிஸ் போனவன்” என்றார் அம்மா.

“ரெண்டு நாள் போனனான்” என்றான் அவன்.

அந்த இரண்டு நாளிலும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். நெடுநேரம் பேச்சில்லை. காத்திருந்தேன். (புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கும் இதைத்தான் சொல்கிறேன்: அந்த மௌனத்தை நீங்கள் நிரப்பாதீர்கள்.) கடைசியில் சொன்னான்: பக்கத்து வீட்டுப் பெடியன் சைக்கிளோடு வந்து படலையில் நின்றானாம். “அம்மா அண்டைக்கு விடியவே முறிகண்டிக்குப் போட்டா. வீட்டிலை சத்தம் இல்லை.”

அம்மா முறிகண்டியில் கச்சான் விற்பவர். அவருடைய பையில் இருந்த கச்சானில் பத்தை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தேன். “பத்தாவது எண்டால் ஒவ்வொரு நாளும் போறாய். இப்ப எதிலை நிக்கிறாய்?” மூன்றாவதைத் தொட்டான். ஏன் பத்தில் இல்லை என்று நான் கேட்கவில்லை. எது உன்னை மூன்றுவரை கொண்டுவந்தது, நாலுக்குப் போனால் என்ன மாறியிருக்கும் என்று கேட்டேன். “அம்மா காலமை தேத்தண்ணி தரேக்கை ஒண்டும் கேக்கமாட்டா” என்றான். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஸ்டீவ் டி ஷேசரும், கொரியாவில் பிறந்த இன்சூ கிம் பெர்க்கும், கூட வேலை செய்தவர்களும் 1970களின் கடைசியிலிருந்து வளர்த்தெடுத்த தீர்வுமையச் சிகிச்சை முறை. பிரச்சினை இல்லாத அல்லது குறைந்திருந்த நேரத்தைத் தேடுவதும், 0 முதல் 10 வரை அளந்து பார்ப்பதும் அவர்களுடைய கேள்விகள்தான். இன்னொன்றும் உண்டு: இரவு நித்திரையில் இருக்கும்போது இந்தப் பிரச்சினை தீர்ந்துவிட்டது, உங்களுக்குத் தெரியாது; விடிந்ததும் எந்தச் சின்ன விசயத்தைப் பார்த்து அதை அறிவீர்கள்?

இனி எனக்குக் கோபம் வருகிற இடம். இதையெல்லாம் சொன்னால் “ஓ, நல்லதையே நினைக்கிறதுதானே” என்கிறார்கள். இல்லை. வாட்ஸப்பில் காலை வணக்கத்தோடு வரும் வாசகம் வேறு, இது வேறு. “நடந்ததை மறந்திட்டு நல்லதை நினை” என்று 2009இல் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! அந்த வார்த்தை ஒருவரையும் ஆற்றியதை நான் கண்டதில்லை. தீர்வுமையக் கேள்வி துன்பத்தை இல்லை என்று சொல்லாது. “இவ்வளவும் பட்டும் இண்டைக்கு எழும்பி அடுப்பு மூட்டினீங்களே, எப்படி ஏலுமாயிருந்தது?” என்றுதான் கேட்கும். அவர் சொல்லும் பதில் அவருடையது. நாங்கள் ஊட்டிவிடும் நம்பிக்கை அல்ல. அவர் அழுதால் அழட்டும், அடுத்த கேள்விக்கு ஓடாதீர்கள்.

உங்களை நீங்களே கேட்பதானாலும் இதே முறைதான். “எனக்கு மட்டும் ஏன் இப்படி” என்பதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கடந்த கிழமையில் கொஞ்சமாவது இலகுவாக இருந்த ஒரு பொழுதைத் தேடுங்கள். அன்று யார் கூட இருந்தார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள்? கொப்பியில் எழுதுங்கள். ஒரு படி மட்டும் யோசியுங்கள். மூன்றிலிருந்து பத்துக்குப் பாயவேண்டாம்.

எங்கே கேட்கக்கூடாது என்பதையும் சொல்லவேண்டும். அடிவாங்கும் பெண்ணிடம் “அவர் அடிக்காத நாளில் நீங்கள் என்ன செய்தீர்கள்” என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அடிக்குப் பொறுப்பை அவர் தலையில் கட்டுகிற கேள்வி அது. அவருக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. காணாமல் ஆக்கப்பட்டவரின் வீட்டில் அந்த விடியற்காலைக் கேள்வியைப் பழக்கமில்லாதவர்கள் எடுக்கவே வேண்டாம். நுண்கடன்காரர் படலையில் நிற்கும் வீட்டுக்குக் கேள்வியால் தவணை கட்ட முடியாது; அதற்குக் கடன் பற்றிய ஆலோசனைதான் வேண்டும்.

சாகவேண்டும் போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அளவுகோல், கச்சான் எல்லாவற்றையும் விடுங்கள். தனியே விடாதீர்கள், வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தை அப்புறப்படுத்துங்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார், காசு வாங்கமாட்டார்.

இரண்டு கிழமை கழித்து அந்த அம்மா தனியாக வந்தார். மகன் வரவில்லையா என்று கேட்டேன்.

“அவன் பள்ளிக்கூடத்திலை மிஸ்” என்றார். “போன கிழமை நாலு நாள் போனவன். ஒரு நாள் நான் வாய் விட்டிட்டன்.”

மற்ற நாலு நாளும் வாயை எப்படி அடக்கினீர்கள் என்று கேட்டேன். கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.