மணலில் இறக்கிய காற்றை யார் திருப்பி அடிப்பது?

இந்த மாதம் இது மூன்றாவது. ஞாயிற்றுக்கிழமை என் டயர்க் கடையைப் பூட்டுகிற நேரத்தில் ஒரு பிக்கப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஓட்டி வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். குடும்பத்தோடு திருகோணமலைக்கு வடக்கே உள்ள அரிசிமலைக் கடற்கரைக்குப் போயிருக்கிறார். வண்டி மணலில் புதைந்திருக்கிறது. யாரோ சொன்னபடி ஈர்க்குக்குச்சியால் வால்வை அமத்தி, நாலு சக்கரத்திலும் காற்றை இறக்கி, வெளியே எடுத்துவிட்டார். அதுவரை செய்தது சரி. அப்புறம் அதே குறைந்த காற்றோடு தார் ரோட்டில் ஏறி 80 இல் ஓடியிருக்கிறார். குச்சவெளி தாண்டி, நிலாவெளிக்கு வருமுன் பின்பக்க டயர் வெடித்துவிட்டது. பின் சீற்றில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். கடவுள் புண்ணியம், எதிரே பஸ் ஒன்றும் வரவில்லை.

"வெயிலுக்குத்தான் வெடிச்சிருக்கும் அண்ணை" என்றார் தம்பி.

டயரைக் கழற்றி, உள்ளே கையை விட்டு அள்ளிக் காட்டினேன். ஒரு பிடி கறுப்புத் தூள், நன்றாக அரைத்த கரி மாதிரி. வெயிலுக்கு வெடித்த டயருக்குள் இந்தத் தூள் இருக்காது. காற்றுக் குறைவாக ஓடி, பக்கச்சுவர் மடிந்து மடிந்து உள்ளே தேய்ந்த ரப்பர் அது.

இந்த வெயில் கதையைத்தான் இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சித்திரை வெயிலுக்குக் காற்று விரியும், அதனால் நாலு ஐந்து பி.எஸ்.ஐ (காற்றழுத்த அளவு) குறைத்து ஓட வேண்டும் என்று ஓட்டோக்காரர் முதல் லொறிக்காரர் வரை எல்லோரும் சொல்கிறார்கள். காற்று விரியும், உண்மைதான். ஓடிச் சூடேறிய டயரில் நாலு, ஐந்து, சில நேரம் ஆறு பி.எஸ்.ஐ கூடும். அது கூடும் என்று தெரிந்துதான் கொம்பனி ஆறிய டயருக்கு அளவு சொல்கிறது. டயரைக் கொல்வது அந்தக் கூடுதல் இல்லை, குறைவு. கம்பித் துண்டு ஒன்றை முன்னும் பின்னும் வளைத்து முறித்திருப்பீர்கள். முறியும் இடத்தைத் தொட்டால் சுடும், இல்லையா? காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அப்படித்தான் வளைகிறது. பிக்கப் டயர் ஒரு கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 400 தரம் சுற்றும். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு 500 தரத்துக்கு மேல் வளைவு. அந்தச் சூட்டில் ரப்பர், டயருக்குள் இருக்கும் நூலை விட்டுக் கழன்றுவிடும். சூடாக இருக்கிற டயரில் கேஜை வைத்துப் பார்த்து, "கூடிப் போச்சு" என்று காற்றைத் திறந்து விடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆறியதும் அந்த டயர் குறைந்து நிற்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. லட்சக்கணக்கில் கொடுத்து எம்.ரி டயர் போடுவார்கள். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 இல் திறக்கும்வரை பழைய ஜீப்பையே அழகுபடுத்திக்கொண்டிருந்தோம், அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. எம்.ரி டயர் சேற்றுக்கானது. பெரிய கட்டை, இடையில் ஆழமான பள்ளம், சுற்றும்போது சேற்றை உதறிவிடும். மாரியில் தம்பலகாமத்து வயல் பாதைக்கு அது சரி. காய்ந்த மணலில் அதே கட்டைகள் மண்வெட்டி மாதிரித் தோண்டும். அக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க உங்கள் வண்டி உங்களுக்கே கிணறு வெட்டும். மழை நனைத்த தாரில் பிரேக் பிடிக்கவும் கூடத் தூரம் எடுக்கும். வாரத்தில் ஆறு நாள் கந்தோருக்கும் கடைக்கும் ஓடி, ஏழாம் நாள் கடற்கரைக்குப் போகிறவருக்கு எல்லாத் தரைக்கும் பொதுவான ஏ.ரி டயர் தாராளம். எம்.ரி தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் விற்பேன், எனக்கு அதில் லாபம் கூட. ஆனால் சொல்லிவிட்டுத்தான் விற்பேன்.

மணலில் காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகும் என்கிறார்கள். அகலம் கொஞ்சம்தான் கூடும். கூடுவது நீளம். ஒருமுறை கடைச் சீமெந்துத் தரையில் சோக்குத் தூள் தூவி, ஒரு ஜீப்பை ஏற்றிக் காட்டினேன். 35 பி.எஸ்.ஐ இல் தடம் ஒரு சாணுக்குக் குறைவு. 18 க்கு இறக்கியதும் ஒரு சாணும் மூன்று விரலும். பக்கவாட்டில் ஒரு விரல்கூடக் கூடவில்லை. அந்த நீளம்தான் வண்டியை மணலின் மேலே வைத்திருக்கிறது.

சரி, அளவுகள். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 32, 35 என்று போட்டிருக்கும் பிக்கப், ஜீப்புக்குச் சொல்கிறேன். கிரவல் வீதிக்கு 25 முதல் 28. சேற்றுக்கு 20, 22. காய்ந்த மணலுக்கு 15 முதல் 18. பதினைந்துக்குக் கீழே போனால் டயர் றிம்மை விட்டுக் கழலலாம், அதிலும் மணலில் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினால் கட்டாயம் கழற்றித் தருவீர்கள். ஆட்களும் சாமானும் நிறைய என்றால் பின்பக்கத்துக்குக் கொஞ்சம் கூட விடுங்கள். இறக்கிய காற்றோடு மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டாம். காற்றிறங்கிய பக்கச்சுவர் பிதுங்கி நிற்கும், பற்றைக்குள் காரை முள்ளும் வெட்டிய அடிக்கட்டையும் அங்கேதான் குத்தும். பக்கச்சுவர் கிழிந்தால் ஒட்டுப் போட முடியாது, என்னிடம் கெஞ்சியும் பயனில்லை. வான் வண்டியில் வருகிறவர்கள் மணலில் இறங்கவே வேண்டாம்.

டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் பெரிய பி.எஸ்.ஐ எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, நீங்கள் அடிக்க வேண்டிய அளவு இல்லை. வாங்கும்போது நாலு இலக்கத் திகதியையும் பாருங்கள். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். டயரின் மேல் வெட்டியிருக்கும் பூ புதிசாக இருக்கிறது என்று பழைய டயரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

ஒரு கேஜ், சிகரட் லைட்டரில் செருகுகிற சின்னக் கொம்பிரசர் ஒன்று. எம்.ரி டயர் ஒன்றின் விலையில் சின்னப் பங்குதான் இரண்டும் சேர்த்து. கொம்பிரசர் இல்லையென்றால், தார் ஏறியதும் மெதுவாக, இருபதில் முப்பதில் முதல் பெற்றோல் செட் வரை வாருங்கள். பின்னால் ஹோர்ன் அடிப்பான். அடிக்கட்டும்.

தம்பி வெடித்ததற்கு மட்டும் ஒரு டயர் கேட்டார். மற்ற மூன்றையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டேன் என்றேன். முகம் சுருங்கியது, அம்மாதான் "பாருங்கோ தம்பி" என்று என்னிடம் சொன்னார். இரண்டு நல்லாக இருந்தன. பின்பக்கத்து மற்ற டயருக்குள் கையை விட்டேன், அதற்குள்ளும் அதே கறுப்புத் தூள்.