இரண்டு சொட்டு உப்புநீர் என்ன செய்துவிடும்?

"ஐந்து மாதக் குழந்தைக்குச் சளி. மூக்கடைத்துப் பால் குடிக்க முடியாமல் அழுகிறது. டாக்டர் சிரப் எதுவும் எழுதவில்லை, உப்புத்தண்ணீர்ச் சொட்டு மட்டும் தந்தார். இது போதுமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். போதும். அந்த டாக்டரை மாற்றிவிடாதீர்கள்.

சளிக்குக் காரணம் வைரஸ், பெரும்பாலும் ரைனோவைரஸ். அதைக் கொல்லும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை. இரண்டு மூன்றாம் நாளில் உச்சம் தொட்டு, பத்துப் பதினான்கு நாளில் தானாக அடங்கும். நடுவில் சளி பச்சையானால் வீட்டில் பதற்றம் கூடும். சண்டைக்கு வந்த வெள்ளணுக்களுக்குள் இரும்பு கொண்ட ஒரு நொதி இருக்கிறது, அதன் நிறம்தான் அந்தப் பச்சை. அதை மட்டும் பார்த்து ஆன்டிபயாட்டிக் கேட்க வேண்டியதில்லை.

பெரியவர்களுக்கு மூக்கடைத்தால் வாயால் மூச்சு விடுவோம். கைக்குழந்தைக்கு அது எளிதில் வராது, முதல் சில மாதங்களில் மூக்குதான் பிரதான வழி. பால் குடிக்கும்போது சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் தாளம் தவறாமல் மாறிமாறி நடக்கின்றன. மூக்கு அடைத்தால் தாளம் உடைகிறது. நான்கு வாய் குடித்து, மார்பை விட்டுவிட்டு, வீறிட்டு அழுது, அந்த அழுகையில் வாய்வழியே காற்று வாங்கிக்கொண்டு, மறுபடி தேடும். பசியும் அடைப்பும் சேர்ந்த அழுகை அது.

அடைப்பு ஏன் இத்தனை கொடுமை? 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரெஞ்சு மருத்துவர் புவாசெய் தலைமுடி போன்ற கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்தி அளந்துகொண்டிருந்தார். ரத்தம் நுண்குழாய்களில் எப்படி ஓடுகிறது என்பது அவர் கேள்வி. கிடைத்த விடை விசித்திரமானது: குழாயின் ஆரம் பாதியானால் தடை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கல்ல, பதினாறு மடங்கு ஏறுகிறது. ஆரத்தின் நான்காம் அடுக்கு! 8 மி.மீ. அகலமுள்ள காற்றுவழியில் சுற்றிலும் 1 மி.மீ. வீக்கம் வந்தால் தடை ஏறக்குறைய மூன்று மடங்கு. அதே 1 மி.மீ. வீக்கம் 4 மி.மீ. வழியில் வந்தால் பதினாறு மடங்கு. குழந்தை வீறிடும்போது காற்று சீராக ஓடாமல் சுழல்கிறது. அப்போது கணக்கு ஐந்தாம் அடுக்குக்குத் தாவி 32 மடங்காகிறது. மூச்சு முட்டுவதால் அழுகை, அழுவதால் இன்னும் முட்டல்.

மூக்கு வழுவழுப்பான கண்ணாடிக் குழாய் அல்லதான். ஆனாலும் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். 2 மி.மீ. ஆகச் சுருங்கிய வழி 2.5 ஆக விரிந்தால் தடை பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. சுற்றிலும் கால் மில்லிமீட்டர் சளி கரைந்தால் போதும்! இரண்டு சொட்டு உப்புநீர் செய்கிற வேலை இவ்வளவுதான். சளியில் பெரும்பகுதி நீர், அதைப் பிடித்து வைத்திருப்பது மியூசின் என்ற நீண்ட புரத வலை. காய்ந்த வலை பசையாக ஒட்டும். நீர் குடித்த வலை இளகி வழுக்கும். வெறும் தண்ணீர் விட்டால் செல்கள் அதை உறிஞ்சி உப்பி எரியும். 0.9% உப்பு ரத்தநீருக்கு ஒத்த அளவு என்பதால் செல்கள் சும்மா இருக்கின்றன.

கடையில் கேட்கும்போது பெயரை நம்பாதீர்கள், லேபிளைப் படியுங்கள். 'சோடியம் குளோரைடு 0.9%' என்று மட்டும் இருக்க வேண்டும். ஏறக்குறைய அதே பெயரில், அதே அளவு குப்பியில் சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டுகளும் விற்கின்றன. அவை ரத்தக்குழாயைச் சுருக்குபவை. கைக்குழந்தையின் உடலில் ஏறினால் மயக்கமும் இதயத்துடிப்புக் குறைவும் வரலாம்.

குப்பியை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்குங்கள். தோளுக்கடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து மல்லாக்கப் படுக்கவையுங்கள். ஒவ்வொரு நாசியிலும் இரண்டு சொட்டு, குப்பி முனை மூக்கில் படாமல். ஒரு நிமிடம் பொறுங்கள். பெரும்பாலும் தும்மலே மிச்சத்தை முடித்துவிடும். வெளியே வழிந்தால் ரப்பர் பல்பால் உறிஞ்சலாம். பல்பை வெளியே அழுத்திப் பிடித்துக்கொண்டு, நுனியை நாசி வாசலில் மட்டும் வைத்து, மெல்ல விடுங்கள். உள்ளே வைத்து அழுத்தினால் சளி பின்னால் போகும். ஒரு நாளில் மூன்று நான்கு முறைக்கு மேல் உறிஞ்சினால் உட்தோல் புண்ணாகி வீங்கும். அந்த வீக்கமும் நான்காம் அடுக்குக் கணக்கில்தான் சேரும். பால் கொடுப்பதற்குப் பதினைந்து நிமிடம் முன்பு செய்வது நல்லது. பால் கொடுத்தவுடன் செய்தால் வாந்தி.

எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று 2024-இல் வெளியே பேசப்பட்டது. ஆறு வயது வரையிலான 407 குழந்தைகளைச் சேர்த்தார்கள். சற்று அடர்த்தியான உப்புநீர்ச் சொட்டு விட்டவர்களுக்குச் சளி சராசரி ஆறு நாள், மற்றவர்களுக்கு எட்டு. செல்கள் உப்பிலுள்ள குளோரைடைக் கொண்டு வைரஸை எதிர்க்கும் அமிலம் தயாரிப்பது காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். இதற்காக வீட்டில் உப்பைக் கூட்டிப் போட்டுவிடாதீர்கள். என் ஆதங்கம் வேறு: உப்புக்குக் காப்புரிமை வாங்க முடியாது, அதனால் இதைச் சோதிக்கக் கம்பெனிகள் பணம் போடாது. அரசுதான் போட வேண்டும்.

தைலத்துக்கு வருவோம். அதிலுள்ள மென்தால் மூக்கைத் திறப்பதில்லை. குளிரை உணரும் நரம்பு ஏற்பியை அது ஏமாற்றுகிறது; காற்றோட்டத்தை அளந்தால் முன்பிருந்ததேதான். கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சி மார்பில் தடவுவது அதைவிட ஆபத்து, உடலில் ஏறினால் வலிப்பு வரலாம். மூக்கில் எண்ணெய் விட்டால் இருமலே இல்லாமல் நுரையீரலுக்கு இறங்கி நிமோனியா ஆகலாம். சாம்பிராணிப் புகை வீங்கிய வழியை இன்னும் வீங்கவைக்கும். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது, அதிலிருக்கக்கூடிய பொட்டுலிசம் (தசைகளைச் செயலிழக்கவைக்கும் நோய்) கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்துவிடலாம். தொக்கம் எடுக்கிறேன் என்று குழந்தையின் தொண்டைக்குள் விரல் விடுகிறவர்களிடம் போவதைப் பற்றி மரியாதையாக எழுத எனக்கு வரவில்லை.

சிரப்? குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த சளிமருந்தை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக்கூடாது என்று 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே சொல்லிவிட்டது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பில் 48.6% டைஎத்திலீன் கிளைக்கால் இருந்ததைத் தமிழ்நாட்டு ஆய்வகம் கண்டுபிடித்தது. சிறுநீரகத்தைக் கொல்லும் கரைப்பான் அது.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தரலாம். எடையில் கிலோவுக்கு 15 மி.கி. ஒரு வேளை அளவு, ஆறு மணிநேர இடைவெளி, நாளுக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். 6 கிலோ குழந்தைக்கு 90 மி.கி. தவறு நேர்வது குப்பியில்தான். சொட்டு மருந்தில் ஒரு மி.லி.க்கு 100 மி.கி., ஆகவே 0.9 மி.லி. சிரப்பில் 5 மி.லி.க்கு 120 என்றால் 3.75 மி.லி.; 250 என்றால் 1.8. அந்த 3.75 மி.லி.யைச் சொட்டுக் குப்பியிலிருந்து எடுத்தால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும், அதே தவறு தொடர்ந்தால் கல்லீரல் தாங்காது. மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலே வீட்டில் மருந்து வேண்டாம், ஆஸ்பத்திரிதான்.

சட்டையைக் கழற்றி, குழந்தை அமைதியாக இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதை முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50: அந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ தொற்று நுரையீரலுக்குப் போயிருக்கலாம். விலாவுக்குக் கீழே குழி விழுவது, முனகல், உதடு நீலம், பால் பாதிகூடக் குடிக்காமை, சிறுநீரில் நனையும் துணிகள் வழக்கத்தில் பாதியாகக் குறைவது, இவற்றில் எது தெரிந்தாலும் இரவு இரண்டு மணியானாலும் கிளம்பிவிடுங்கள்.