அடுப்புக்குப் பின்னால் இருக்கும் இரண்டடிச் சுவர்

கிரகப்பிரவேசம் முடிந்து மூன்று மாதம் கழித்து ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியை போன் செய்தார். "ஏம்மா, இந்த டைல்ஸை எவ்வளவு தேய்ச்சாலும் அழுக்கு போகவே மாட்டேங்குது. மட்டமான சரக்கைத் தலையில கட்டிட்டாங்களா?" என்றார். போய்ப் பார்த்தேன். அழுக்கு என்று ஒன்றுமே இல்லை. கம்பி நார் போட்டுத் தேய்த்ததில் லேசான கீறல் வேண்டுமானால் விழுந்திருந்தது. சுவரில் ஐவரி நிற டைல்ஸ். அதற்கு மேலும் கீழும், துணிக்கு நீலம் போட்ட மாதிரி பளீரென்று வெள்ளை லாமினேட் (பலகை மேல் ஒட்டுகிற மெல்லிய நிறத் தாள்) கதவுகள்.

பையிலிருந்து ஒரு ஏ4 தாளை எடுத்து டைல்ஸ் மேல் வைத்தேன். டைல்ஸ் மஞ்சளாகத் தெரிந்தது. அதே தாளைக் கதவின் மேல் வைத்தேன். கதவு இலேசாக நீலம் அடித்தது. "ரெண்டும் வெள்ளைன்னுதானேம்மா சொல்லிக் குடுத்தாங்க" என்றார் டீச்சர். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் வெள்ளைதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று சலவை வேட்டி, இன்னொன்று பழுப்பேறிய வேட்டி. மூன்று மாதமாக அவர் தேய்த்துக்கொண்டிருந்தது டைல்ஸின் சொந்த நிறத்தை.

வீட்டு உள் அலங்கார வேலையில் நான் பார்க்கிற சமையலறைக் குறைகளில் பாதி இந்த ரகம்தான். டைல்ஸ் நல்ல டைல்ஸ், மேடைக் கல் நல்ல கல், கதவும் நல்ல கதவு. மூன்றையும் ஒன்றாக வைத்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தேர்ந்தெடுத்தவர்கள் ரசனை இல்லாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நம் ஊரில் வேலை நடக்கிற வரிசை அப்படி. கொத்தனார் வேலை முடிவதற்குள் மேடைக்குக் கல் போட்டு, சுவருக்கு டைல்ஸ் ஒட்டிவிட வேண்டும் என்று மேஸ்திரி அவசரப்படுத்துவார். பாத்ரூமுக்கு டைல்ஸ் வாங்கப் போன அன்றைக்கே, வண்டி வாடகை மிச்சம் என்று சமையலறைக்கும் வாங்கிவிடுவோம். மாடுலர் கிச்சன்காரர் நாலைந்து மாதம் கழித்து, நிற மாதிரிகள் ஒட்டிய ஷேட் கார்டோடு வருவார். அப்போது கதவு நிறத்தை டைல்ஸுக்குப் பணிந்துதான் எடுக்க முடியும்.

தலைகீழாகச் செய்யச் சொல்வேன். மேடைக்குப் போடும் கிரானைட்டில் கிடைக்கும் நிறங்கள் மற்ற இரண்டையும்விடக் குறைவு. அதுவும் நம் கண்ணுக்குப் பிடித்த பலகை இன்றைக்குக் கடையில் இருந்தால்தான் உண்டு. லாமினேட்டில் சில நூறு நிறங்கள் இருக்கும். டைல்ஸுக்குக் கணக்கே இல்லை. குறைவாகக் கிடைப்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, ஏராளமாகக் கிடைப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அதற்காகக் கதவு மாட்டும்வரை சுவரைப் பூசாமல் போட்டு வைக்க வேண்டியதில்லை. கல் வெட்டும்போது உள்ளங்கை அளவு துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள், கேட்டால் சும்மாவே தருவார்கள். லாமினேட் துண்டுகள் இரண்டு மூன்றைக் கடையிலிருந்து எடுத்து வாருங்கள். அந்தப் பொட்டலத்தோடு டைல்ஸ் கடைக்குப் போங்கள். அப்புறம் ஒட்டுகிற வேலை எப்போது நடந்தாலும் கவலை இல்லை.

கல்லைப் பார்க்கும் கண்ணும் கொஞ்சம் வேண்டும். உதாரணத்துக்கு காஷ்மீர் வைட். பெயர்தான் காஷ்மீர், வெட்டி எடுப்பது எங்கள் மதுரை மாவட்டத்தில். வெள்ளையும் சாம்பலும் கலந்த உடம்பில் அங்கங்கே திராட்சை ரசச் சிவப்பில் புள்ளிகள் இருக்கும், கார்னெட் என்ற கனிமம் அது. "கல்லில் இருக்கிற நிறத்தையே சுவருக்கு எடுங்கள்" என்று யாரோ சொல்லக் கேட்டு, அந்தப் புள்ளிச் சிவப்பிலேயே சுவர் முழுக்க மெரூன் டைல்ஸ் ஒட்டிய சமையலறைகளைப் பார்த்திருக்கிறேன். கல்லில் புள்ளியாக இருந்தபோது அழகாக இருந்தது, முப்பது சதுர அடிக்குப் பரவியதும் கத்தத் தொடங்கிவிடும். நான் எடுப்பது கல்லின் உடம்பு நிறத்தை. அதாவது அந்த வெளிர் சாம்பலை. புள்ளி நிறம் வேண்டுமென்றால் ஒரு ஜாடியிலோ திரைச்சீலையிலோ வந்துவிட்டுப் போகட்டும்.

ஆந்திராவில் ஓங்கோல் பக்கம் சீமகுர்த்தியிலிருந்து வரும் பிளாக் கேலக்ஸி என்ற கருப்புக் கல்லில் பொன் நிறத் துகள்கள் மின்னும். அதற்கு மேல் பளபளப்பான, பூவேலை போட்ட டைல்ஸை ஒட்டினால் கண் எங்கேயும் நிற்காது. கல்லில் வேலைப்பாடு இருந்தால் சுவர் அமைதியாக இருக்க வேண்டும். சுத்தமான ஜெட் பிளாக் என்றால் சுவரில் என்ன ஆட்டம் வேண்டுமானாலும் ஆடலாம், கல் ஒன்றும் பேசாது. இந்தப் பாடம் எனக்கும் சும்மா வரவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், கோடு கோடாக அலையோடும் பழுப்புக் கல்லுக்கு மேல் மொராக்கோ பாணி டைல்ஸும், அதற்கு மேல் மர ரேகை லாமினேட்டும் போட்டுக் கொடுத்தேன். படத்தில் அற்புதமாக இருந்தது. அந்த வீட்டுப் பாட்டி உள்ளே வந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இதுல அரிசியில கல்லு பொறுக்க முடியுமாடி?" என்று கேட்டார். முடியாதுதான்.

டைல்ஸைப் பார்க்கும் இடமும் முக்கியம். கடையில் சாய்த்து வைத்து, மேலே நாலு ஸ்பாட் லைட் அடித்துக் காட்டுவார்கள். வீட்டில் அது செங்குத்தாக நிற்கும், மேலே பரணோ கப்போர்டோ நிழல் போடும். ஒரே ஒரு டைல்ஸை விலை கொடுத்தாவது வாங்கி வந்து, அடுப்பு வரப்போகிற இடத்தில் நிறுத்தி, கல் துண்டையும் லாமினேட்டையும் சேர்த்து வைத்து, காலையில் ஒரு தடவை, இரவு விளக்கில் ஒரு தடவை பாருங்கள். விளக்கு வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். வழக்கமான வெள்ளை எல்.இ.டி. 6500 கெல்வின், நீலம் தூக்கலாக இருக்கும். 3000 கெல்வின் விளக்கு மஞ்சள் ஏற்றும். நான் சமையலறைக்கு 4000-ஐ ஒட்டித்தான் போடச் சொல்வேன். கீரை பச்சையாகவும் தெரிய வேண்டும், சுவர் ஆஸ்பத்திரி மாதிரியும் ஆகிவிடக் கூடாது.

சரி, பழக்கூடை டைல்ஸுக்கு வருவோம். கடைக்காரர்கள் ஹைலைட்டர் என்பார்கள்: சாதா டைல்ஸுக்கு நடுவே ஒரு ஆப்பிள், ஒரு திராட்சைக் கொத்து, ஆவி பறக்கும் காபிக் கோப்பை. எனக்கு அது பிடிக்காது என்பது வேறு விஷயம். ஒட்டும் அன்றைக்கு நடப்பதைச் சொல்கிறேன். மிக்ஸிக்கு ஒன்று, கிரைண்டருக்கு ஒன்று, தண்ணீர் சுத்திகரிக்கும் கருவிக்கு ஒன்று, மைக்ரோவேவுக்கு ஒன்று என்று அந்த இரண்டடிச் சுவரில் குறைந்தது நாலு ஸ்விட்ச் பெட்டி வரும். ஆப்பிளின் சரிபாதி போய்விடும். காபிக் கோப்பைக்குக் காது மட்டும் மிஞ்சும். எந்தப் படம் போட்ட டைல்ஸாக இருந்தாலும், மின்பெட்டிகள் எங்கே வருகின்றன என்று சுவரில் சாக்பீஸால் வரைந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அப்படியே ஸ்விட்ச் தகட்டின் நிறத்தையும் யோசித்துவிடுங்கள். கரும்பச்சைச் சுவரில் நாலு வெள்ளைத் தகடு பல் இளித்துக்கொண்டு நிற்கும்.

நிறத்தைவிட நான் அதிகம் கவலைப்படுவது ஜாயின்ட்டைப் பற்றி. எல்லோரும் டைல்ஸைப் பார்ப்பார்கள். டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவே இருக்கிற இரண்டு மில்லிமீட்டரைப் பார்க்க மாட்டார்கள். வெளிநாட்டுப் படங்களில் வரும் சின்னச் சின்ன செங்கல் மாதிரி டைல்ஸை நிறையப் பேர் கேட்கிறார்கள். சப்வே டைல்ஸ் என்று பெயர். 1904-ல் நியூயார்க்கில் சுரங்க ரயில் தொடங்கியபோது நிலையச் சுவர்களுக்குப் போட்டது. அங்கே யாரும் கடுகு தாளிக்கவில்லை.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எல் வடிவ மேடை, மொத்த நீளம் 16 அடி, உயரம் 2 அடி. 32 சதுர அடி. 3-க்கு 6 இன்ச் சப்வே என்றால் 256 டைல்ஸ் வேண்டும். அவற்றுக்கு இடையிலான ஜாயின்ட்டை எல்லாம், மேடையோடு சேரும் கோட்டையும் சேர்த்து, நீட்டி வைத்தால் ஏறக்குறைய 192 அடி. அதே சுவருக்கு 12-க்கு 24 இன்ச் டைல்ஸை நிமிர்த்தி ஒட்டினால் 16 டைல்ஸ், அதே கணக்கில் ஏறக்குறைய 48 அடி ஜாயின்ட். நாலில் ஒரு பங்கு. இந்த நீளத்தைத்தான் தினமும் யாரோ ஒருவர் துடைக்கப் போகிறார்.

ஜாயின்ட்டை நிரப்பும் கலவைக்குக் கிரௌட் என்று பெயர். சாதாரண சிமெண்ட் கிரௌட், அதைவிடப் பழைய வழக்கமான ஒயிட் சிமெண்ட், இரண்டிலும் நுண்ணிய துளைகள் உண்டு. எண்ணெயில் கரைந்த மஞ்சள் உள்ளே இறங்கிவிடும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கிற எல்லோருக்கும் தெரியும். மஞ்சள் கறையைச் சோடா போட்டுத் தேய்க்கும்போது அதே கதைதான் நடக்கிறது. மஞ்சள் போய்ச் செம்பழுப்பு வருகிறது. ஐயோ என்று இன்னும் கொஞ்சம் போடுகிறோம். வெயில் நேராக விழுகிற சுவரானால் மஞ்சள் தானாகவே வெளுக்கும், ஆனால் அடுப்புக்குப் பின்னால் வெயில் விழும் வீடுகள் அதிகம் இல்லை.

அதனால் அடுப்புச் சுவருக்கும் தொட்டிச் சுவருக்குமாவது எபாக்ஸி கிரௌட் போடச் சொல்கிறேன். செலவு கூடத்தான். ஆனால் கறை உள்ளே இறங்காது. ஒரே எச்சரிக்கை: எபாக்ஸி பிசினையும் அதை இறுக வைக்கும் கலவையையும் சேர்த்த பிறகு சீக்கிரம் இறுகிவிடும், அப்போதைக்கப்போது டைல்ஸ் மேல் பட்டதைத் துடைக்காவிட்டால் படலமாக நின்றுவிடும். பழகிய கையாக இருக்க வேண்டும். எபாக்ஸி வேண்டாம் என்றால், வெள்ளை ஜாயின்ட்டையாவது விட்டுவிடுங்கள். டைல்ஸின் நிறத்துக்கு ஒரு படி கருமையாக, அல்லது சாம்பலாக எடுங்கள். வெள்ளை டைல்ஸுக்குக் கருப்பு ஜாயின்ட் போட்டால் எடுப்பாக இருக்குமே என்பார்கள். இருக்கும். ஒட்டியவர் கை எங்கெங்கே கோணலானது என்பதும் எடுப்பாகத் தெரியும்.

மேடையும் சுவரும் சேருகிற மூலையில் கிரௌட்டே வேண்டாம், சிலிகான் போடுங்கள். கல்லும் சுவரும் ஒரே மாதிரி அசையாது. சிமெண்ட் கோடு ஒரு வருடத்தில் விரிசல் விடும், தண்ணீர் இறங்கும், எறும்பு குடித்தனம் வரும்.

மற்றப் பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆத்தங்குடிக் கல் எனக்கு உயிர், ஆனால் அது சிமெண்டில் வார்ப்பது, எண்ணெய் குடிக்கும். தரைக்கும் திண்ணைக்கும் வைத்துக்கொள்ளுங்கள், அடுப்புக்குப் பின்னால் வேண்டாம். வாசல் சுவருக்கு ஒட்டுகிற கரடுமுரடான கல் ரகமும் அப்படித்தான், பிசுக்கு ஏறினால் தூரிகை வைத்துக்கூட எடுக்க முடியாது. மார்பிளில் புளியும் எலுமிச்சையும் பட்டால் பளபளப்பு அரித்துவிடும். நம் சமையலில் அவை இல்லாத நாள் ஏது. குவார்ட்ஸில் பிசின் கலந்திருப்பதால் பர்னருக்கு நெருக்கமாக வேண்டாம் என்பேன். பின்பக்கம் நிறம் பூசிய கண்ணாடி ஜாயின்ட்டே இல்லாமல் அழகாக இருக்கும், துடைப்பதும் சுலபம். ஆனால் உலையில் சூடாக்கி வலுவேற்றிய டஃபன்டு கண்ணாடியாக இருக்க வேண்டும், அதை உலையில் போட்ட பிறகு துளை போட முடியாது, நொறுங்கிவிடும். ஸ்விட்ச் பெட்டிக்கான அளவுகளை அதற்கு முன்பே இறுதியாகக் கொடுத்திருக்க வேண்டும். போர் தண்ணீர் வீட்டில் கருப்புப் பளபளப்பு டைல்ஸைத் தொட்டிக்குப் பின்னால் ஒட்டுகிறவர்கள் உப்புத் திட்டைத் துடைத்தே ஓய்ந்துபோவார்கள்.

ஒட்டுகிற நாளில் பக்கத்தில் இருங்கள். செராமிக் சுவர் டைல்ஸ் தண்ணீரை நன்றாகக் குடிக்கும், எடையில் பத்து சதவீதத்துக்கு மேல். அதனால்தான் ஊறவைத்து சிமெண்டில் ஒட்டுகிறார்கள். அதிகச் சூட்டில் சுட்டு இறுக்கிய விட்ரிஃபைடு டைல்ஸ் அரை சதவீதம்கூடக் குடிக்காது. சிமெண்ட் பாலில் அது சுவரைப் பிடிக்கவே பிடிக்காது, பசைதான் வேண்டும். நாலு மூலையில் நாலு உருண்டை வைத்து அழுத்துகிற பழக்கம் இன்னும் போகவில்லை. காய்ந்த பிறகு ஒரு ரூபாய்க் காசால் தட்டிப் பாருங்கள். டொக்டொக் என்று வெற்று ஒலி வந்தால் அங்கே ஆணி அடிக்கும் நாளில் உடையும். அடுப்பின் நடுக்கோட்டிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள், வெட்டுத் துண்டுகள் மூலைக்குப் போகட்டும். மேடையிலிருந்து முழு டைல்ஸ், வெட்டு வந்தால் அது மேலே கப்போர்டு நிழலில் ஒளிந்துகொள்ளும். எங்கள் மேஸ்திரி அண்ணனிடம் இதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் நான் சொல்வேன். "தெரியும் மேடம்" என்பார்.

டீச்சர் வீட்டில் டைல்ஸை உடைக்கவில்லை. மேல் கப்போர்டு கதவுகள் ஆறையும் கழற்றி, ஐவரிக்கு ஒத்துப்போகும் பாதாம் நிறத்தில் மாற்றினோம். கீழ்க் கதவுகள் மேடைக் கல் தாண்டி இருப்பதால் கண்ணை உறுத்தவில்லை. விளக்கையும் மாற்றினோம். பரணில் டைல்ஸ் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, மீந்த நாலையும் மேஸ்திரி எடுத்துப் போய்விட்டாராம். அந்த வாரமே சிம்னிக் குழாய்க்குத் துளை போட்டவர் ஒரு டைல்ஸை விரிசல் விட்டிருந்தார். கடையில் அதே பெயர், அதே எண், ஆனால் பெட்டியில் வேறு பேட்ச். நிறம் அரை நூல் தள்ளி நின்றது. இப்போது அந்த இடத்தை மறைத்து ஒரு காலண்டர் தொங்குகிறது.